பார்க்க முடியாததை அளப்பது எப்படி? லேசர் சிதறலும் நானோமீட்டர் வடிவமும்

2024 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அமெரிக்கா சென்றிருந்தபோது, சிப் தயாரிப்புக் கருவிகளைச் செய்யும் அப்ளைடு மெட்டீரியல்ஸ் நிறுவனம் சென்னைத் தரமணியில் ஒரு தொழில்நுட்ப மையம் அமைக்க உடன்பாடு செய்துகொண்டது. 2025–26 ஆம் ஆண்டுக்கான மாநில பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கம் அறிவிக்கப்பட்டது. சிப்களை அளப்பதையும் அவற்றில் குறை தேடுவதையுமே தொழிலாகக் கொண்ட கேஎல்ஏ நிறுவனத்தின் பொறியியல் மையம் ஒன்றும் சென்னையில் இருக்கிறது.

இத்தகைய செய்திகளின் ஓரத்தில் ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு: ஒளிச் சிதறலைக் கொண்டு 20 நானோமீட்டர் அகலமுள்ள கோட்டின் வடிவத்தை அளக்கிறார்கள் என்று. பள்ளி இயற்பியலை ஓரளவு நினைவில் வைத்திருப்பவர் இந்த இடத்தில் நின்றுவிடுவார். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைச் சாதாரண நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாது என்று 1873 இல் எர்ன்ஸ்ட் அபே வரம்பு கட்டிவிட்டார். 20 நானோமீட்டர் அந்த வரம்புக்குப் பத்து மடங்கு கீழே கிடக்கிறது. பிறகு எப்படி அளக்கிறார்கள்?

பாடப்புத்தகமும் தவறவில்லை, செய்தியும் பொய்யில்லை. இரண்டும் வெவ்வேறு வேலைகளைப் பற்றிப் பேசுகின்றன.

## தட்டிப் பார்க்கும் வித்தை

பொங்கலுக்கு மண்பானை வாங்குகிறவர் என்ன செய்கிறார்? பானையை ஒரு கையில் ஏந்தி, மறு கையின் விரலை மடக்கித் தட்டுகிறார். கணீரென்றால் எடுத்துக்கொள்கிறார், பொத்தென்றால் திருப்பி வைத்துவிடுகிறார். விரிசலை அவர் கண்ணால் பார்க்கவில்லை. மயிரிழை போன்ற அந்த விரிசலோடு ஒப்பிட்டால் ஒலி அலை மிகப் பெரியது; ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலிக்குக் காற்றில் அலைநீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் விரிசல் காதில் விழுந்துவிடுகிறது. பானை முழுவதும் அதிரும் விதத்தை அது மாற்றிவிடுகிறது, அதனால்தான்.

இந்த வித்தைக்கு இரண்டு முன்நிபந்தனைகள் உண்டு. நல்ல பானை எப்படி ஒலிக்கும் என்று வாங்குகிறவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கையில் இருப்பது மண்பானைதான் என்பதும் உறுதியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிப் பார்த்து யாரும் எதையும் அறிய முடியாது. கட்டுரையின் பிற்பகுதியில் வரும் சிக்கல்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைப்பவைதான்.

ஒளியைக் கொண்டு இதே வேலையைச் செய்வதற்குத்தான் சிதறல் அளவியல் என்று பெயர். தொழிற்கூடங்களில் ஸ்காட்டரோமெட்ரி என்கிறார்கள். இது படம் எடுப்பதில்லை. ஒழுங்காக அடுக்கிய நுண்கோடுகளின் மேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவது எந்தத் திசையில், எவ்வளவு வலுவோடு, எந்த அதிர்வுத் திசையோடு வருகிறது என்று குறித்துக்கொள்கிறது. அப்படித் திருப்பி அனுப்பக்கூடிய வடிவம் எது என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறது.

## பழைய குறுந்தகட்டில் ஒரு பாலபாடம்

பர்மா பஜாரில் குவியல் குவியலாக விற்ற சிடிகளும் டிவிடிகளும் இன்று பல வீடுகளில் காக்கை விரட்டத் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றும், ரிச்சி தெருவில் கிடைக்கும் சிவப்பு லேசர் விளக்கு ஒன்றும் போதும். (லேசரையும், தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியையும் கண்ணில் படவிடக் கூடாது.)

சிடியின் பரப்பில் தகவல் எழுதப்பட்ட தடங்கள் 1,600 நானோமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. டிவிடியில் இடைவெளி 740 நானோமீட்டர். இப்படிச் சம இடைவெளியில் கோடுகள் நிறைந்த பரப்பை இயற்பியலில் கீற்றணி என்பார்கள். ஒளி ஒவ்வொரு கோட்டிலும் பட்டுச் சிதறுகிறது. அடுத்தடுத்த கோடுகளிலிருந்து வரும் அலைகள் சில திசைகளில் மட்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. மற்ற திசைகளில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அதனால் திரும்பும் ஒளி தனித்தனிக் கதிர்களாகப் பிரிகிறது. நேராகத் திரும்புவது பூஜ்ய வரிசைக் கதிர். அதற்கு இருபுறமும் விலகிச் செல்பவை முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று எண்ணப்படுகின்றன.

தகட்டின் மேல் செங்குத்தாக 650 நானோமீட்டர் சிவப்பு லேசரைப் பாய்ச்சினால் நடப்பது இது:

1. சிடியில் முதல் வரிசைக் கதிர் சுமார் 24 பாகை விலகும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் நடுவிலிருந்து 44 சென்டிமீட்டரில் ஒரு புள்ளி விழும். இரண்டாம் வரிசை 54 பாகையில், ஏறத்தாழ 1.4 மீட்டர் தள்ளி விழும்.
2. டிவிடியில் தடங்கள் நெருக்கமானவை. ஆகவே விலகல் அதிகம்: முதல் வரிசையே 61 பாகையில் போய்விடும். இரண்டாம் வரிசை கிடையாது.
3. ப்ளூ-ரே தகட்டின் இடைவெளி 320 நானோமீட்டர். இங்கே முதல் வரிசைக் கதிரே வெளிவராது. தகட்டை எவ்வளவு சாய்த்தாலும் பயனில்லை. மிகச் சாய்வாக ஒளியைப் பாய்ச்சும்போதுகூட இடைவெளியின் இரண்டு மடங்கு, அதாவது 640 நானோமீட்டர், அலைநீளத்தைத் தொட வேண்டும். 650 நானோமீட்டர் லேசருக்கு அது பத்து நானோமீட்டர் குறைகிறது.

முதல் இரண்டு தகடுகளிலும் புள்ளி விழும் இடத்தை டேப்பால் அளந்தால் தடங்களின் இடைவெளி கணக்கில் வந்துவிடும். ஒரு டேப்பும் ஒரு லேசரும் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரை எட்டிவிடுகின்றன. நுண்ணோக்கி எதுவும் வேண்டாம்.

ஆனால் புள்ளி விழும் இடம் இடைவெளியை மட்டுமே சொல்லும். பள்ளம் எவ்வளவு ஆழம், மேடு எவ்வளவு அகலம், சுவர் செங்குத்தா சாய்வா என்பதெல்லாம் புள்ளிகளின் வெளிச்சத்தில் இருக்கின்றன. பள்ளத்தின் ஆழம் அலைநீளத்தில் கால் பங்கானால், மேட்டிலிருந்து வரும் அலையும் பள்ளத்திலிருந்து வரும் அலையும் எதிரெதிராகச் சேர்ந்து நேர்க் கதிரை மங்கச் செய்யும். அந்த வெளிச்சம் பக்கத்துக் கதிர்களுக்குப் போய்விடும். ஆழம் மாறினாலும் புள்ளிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். வெளிச்சத்தின் பங்கீடுதான் மாறும்.

வெளிச்சப் பங்கீட்டிலிருந்து வடிவத்தைப் படிக்கும் ஆர்வம் சென்னைக்குப் புதிதல்ல. மெரினாவை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியின் மாணவராக இருந்தபோது, 1906 இல், பதினெட்டு வயது சி.வி. ராமன் லண்டன் இதழ் ஒன்றில் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். செவ்வகத் திறப்பின் மேல் ஒளி சாய்வாக விழும்போது தோன்றும் பட்டைகள் இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான் அதன் பொருள். 1928 இல் அவர் கண்டறிந்த ராமன் விளைவு இதிலிருந்து வேறுபட்டது. அங்கே சிதறும் ஒளியின் நிறமே மாறும். மூலக்கூறுகளைப் பற்றி அது சொல்லும். இந்தக் கட்டுரையில் பேசும் சிதறலில் நிறம் மாறுவதில்லை. வடிவத்தைப் பற்றித்தான் அது சொல்லும். சிதறல் என்ற சொல் வந்தாலே ராமன் விளைவு என்று எழுதிவிடும் வழக்கம் நம் பத்திரிகைகளில் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

## கதிர்கள் காணாமல் போனால்?

இன்றைய சிப்பின் கோடுகள் ப்ளூ-ரே தகட்டையும் தாண்டி நெருக்கமானவை. 40 நானோமீட்டர் இடைவெளிக் கோடுகளின் மேல் எந்த நிறத்து ஒளியைப் பாய்ச்சினாலும் பக்கவாட்டுக் கதிர் கிடையாது. கண்ணாடியில் பட்டது போல நேர்ப் பிரதிபலிப்பு மட்டுமே திரும்பும். டேப் வேலை இங்கே முடிந்துவிடுகிறது. ஒளிக்கு அந்தக் கோடுகள் தென்படவே இல்லை என்றுதான் தோன்றும்.

மயிலின் கழுத்து அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. அதன் நீலமும் பச்சையும் சாயத்தால் வந்தவை அல்ல. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் கம்பிகள் ஏறத்தாழ 150 நானோமீட்டர் இடைவெளியில் சதுரச் சதுரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளி சில நானோமீட்டர் மாறினால் நீலம் பச்சையாகிவிடுகிறது. தனிக் கம்பியை எந்தக் கண்ணும் பார்ப்பதில்லை; கம்பிகளின் அடுக்கு முறையை எல்லாக் கண்ணும் பார்க்கிறது, நிறமாக.

நேர்ப் பிரதிபலிப்பும் அப்படித்தான். திசையில் செய்தி இல்லாவிட்டாலும் இரண்டு வேறு வழிகளில் செய்தி வருகிறது.

முதலாவது, நிறவாரியான வெளிச்சம். புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை ஒவ்வொரு அலைநீளத்திலும் எத்தனை சதவீதம் திரும்புகிறது என்று வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். சிப்பின் கோடு ஒரு நானோமீட்டர் உயர்ந்தாலும் அந்த வரைகோடு கொஞ்சம் நகரும்.

இரண்டாவது, தளவிளைவு, அதாவது ஒளி அதிரும் திசை. கோரைப் பாயின் மேல் கையை ஓட்டிப் பார்த்தால் இது புரியும். கோரையின் வாக்கில் ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகிறது. குறுக்கே ஓட்டினால் நெருடுகிறது. ஒவ்வொரு கோரையையும் விரல் தனித்தனியாக எண்ணுவதில்லை, ஆனாலும் பாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கைக்குத் தெரிகிறது. கோடுகளின் திசையிலேயே அதிரும் ஒளியும், குறுக்கே அதிரும் ஒளியும் அதே பரப்பை இரண்டு வேறு பொருள்களைப் போல உணர்கின்றன. இரண்டும் திரும்பும்போது வலுவில் வேறுபடுகின்றன; ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பின்தங்கியும் வருகிறது. அந்த வேறுபாட்டை அளப்பது எலிப்சோமீட்டர் என்னும் கருவி. மிகச் சிறிய வேறுபாட்டையும் அது பிடித்துவிடும். நுண்ணோக்கியின் வரம்பு இங்கே தடையாக நிற்காததற்குக் காரணம், இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும்படி இந்தக் கருவியிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான்.

## தொழிற்கூடத்தில் என்ன நடக்கிறது?

சிப்கள் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள, வேஃபர் என்னும் மெல்லிய சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கில் ஒன்றாக உருவாகின்றன. கோடுகளை வரைந்து, அரித்து, பொருளைப் படிய வைத்து, மறுபடி வரைந்து என்று நூற்றுக்கணக்கான படிகள் உண்டு. இடையிடையே வேஃபரை எடுத்து அளக்கிறார்கள். அந்த அளவீடு இப்படிப் போகிறது.

1. இலக்கு. சிப்புக்கும் சிப்புக்கும் நடுவே, பின்னால் வெட்டிப் பிரிப்பதற்காக விட்டிருக்கும் சந்துகளில், அளப்பதற்கென்றே ஒரு சிறு கட்டம் அமைக்கிறார்கள். 50 மைக்ரோமீட்டர் சதுரம் என்று வைத்துக்கொண்டால், 40 நானோமீட்டர் இடைவெளியில் அதற்குள் 1,250 கோடுகள் அடங்கும்.

2. ஒளி. ஒற்றை நிற லேசரைப் பயன்படுத்தினால் அது விழும் கோணத்தை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். 1980களிலும் 1990களிலும் ஆய்வகங்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்தன. பல நிற ஒளி என்றால் கோணத்தை நிலையாக வைத்துக்கொண்டு நிறத்தை மாற்றலாம். இன்றைய தொழிற்கூடங்களில் இந்த முறைக்குத்தான் ஆட்சி. அங்கும் லேசர் முழுதாக விடைபெற்றுவிடவில்லை: வாயுவை லேசரால் சூடாக்கிப் பளீரென்று எரியவிட்டு, அந்தப் பல நிற ஒளியைச் சில கருவிகள் பயன்படுத்துகின்றன.

3. மாதிரி. கோட்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைச் சில எண்களால் எழுதிக்கொள்கிறார்கள். உயரம், நடு அகலம், பக்கச் சுவரின் சாய்வு, உச்சியின் உருட்டல், அடியில் பரவும் கால், கீழே உள்ள படலத்தின் தடிமன். உடன் ஒவ்வொரு பொருளின் ஒளிவிலகல் எண்ணும் வேண்டும்.

4. கணக்கு. அந்த வடிவத்தின் மேல் ஒளி பட்டால் என்ன திரும்பும் என்று, ஒளி போன்ற மின்காந்த அலைகளின் போக்கைச் சொல்லும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். இதற்குப் பரவலாகப் பயன்படும் முறையை 1981 இல் மோகராம், கேலார்டு என்னும் இருவர் வகுத்தார்கள். சாய்வான பக்கங்களை உடைய கோட்டை மயிலாப்பூர் கோயில் கோபுரம் போல நிலை நிலையாக வெட்டுகிறது அந்த முறை. ஒவ்வொரு நிலையையும் நேர்ச்சுவர் உள்ள ஒரு தட்டையான அடுக்காக எடுத்துக்கொண்டு, அடுக்குக்கு அடுக்கு அலையைக் கைமாற்றிக் கொண்டுபோய்க் கடைசியில் வெளியே வருவதைச் சொல்கிறது. நிலைகள் அதிகமானால் துல்லியம் கூடும். கணினிக்கு வேலையும் கூடும்.

5. ஒப்பீடு. கணக்கில் வந்த வரைகோட்டையும் அளந்த வரைகோட்டையும் பக்கத்தில் வைக்கிறார்கள். பொருந்தாவிட்டால் எண்களைச் சிறிது மாற்றி மறுபடி கணக்கு. பொருந்தும்போது கையில் இருக்கும் எண்களே விடை.

ஐந்தாவது படிதான் கருவியின் மூளை. ஒரு வேஃபரில் பல இடங்களை நொடிக் கணக்கில் அளந்து முடிக்க வேண்டிய தொழிற்கூடத்தில், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. ஆகவே சாத்தியமான வடிவங்களுக்கெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒரு நூலகமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. அளந்ததும் நூலகத்தில் தேடினால் போதும். இதிலும் ஒரு தொல்லை. ஐந்து எண்கள், ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்புகள் என்றால் 32 லட்சம் வடிவங்கள். எண்கள் ஏழானால் 128 கோடி. இரண்டே இரண்டு எண்கள் கூடியதற்கு நானூறு மடங்கு. நரம்பியல் வலைப்பின்னல் போன்ற இயந்திரக் கற்றல் முறைகள் இந்தத் துறைக்குள் நுழைந்தது மோகத்தால் அல்ல, இந்தப் பெருக்கத் தொல்லையால்தான்.

## ஒரே ஒலி, இரண்டு பானைகள்

வடிவம் தெரிந்தால் சிதறலைக் கணக்கிடலாம். அதற்கு ஒரே விடைதான். சிதறல் தெரிந்தால் வடிவத்தைக் கண்டுபிடிப்பது அப்படி இல்லை. கோடு கொஞ்சம் உயர்ந்து, கொஞ்சம் மெலிந்தால் வரைகோடு ஏறத்தாழ மாறாமலே இருந்துவிடலாம். கருவிக்கு இரண்டு வடிவங்களும் ஒன்றாகவே தெரியும். இதைத் துறையில் காரணிகளின் பிணைப்பு என்கிறார்கள். ஒரு காரணியின் பிழை இன்னொன்றின் கணக்கில் ஒளிந்துகொள்கிறது.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு: மாதிரியே தவறாக இருப்பது. கோட்டின் அடியில் உள்நோக்கி ஒரு குடைவு விழுந்திருக்கிறது, மாதிரியில் குடைவுக்கு இடமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கருவி குடைவு இருப்பதாகச் சொல்லாது. சுவர்ச் சாய்வையும் அகலத்தையும் வளைத்து நெளித்து, எப்படியாவது ஒரு பொருத்தத்தை உண்டாக்கி, மூன்று தசம இடங்களோடு ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். நூறு முறை அளந்தாலும் அதே எண் வரும். மாறாமல் வருகிறது என்பதாலேயே அது சரியாகிவிடாது. அளவியலில் மீள்நிகழ்தன்மை வேறு, மெய்த்தன்மை வேறு. நிறுவனங்களின் விளம்பரக் குறிப்புகளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முன்னது.

இங்கே தசம இடங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவிகள் 0.1 நானோமீட்டர் மாற்றத்தை உணர்கின்றன என்று படிக்கிறோம். சிலிக்கான் படிகத்தின் அடிப்படைக் கட்டத்தின் பக்கமே 0.543 நானோமீட்டர். அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடச் சிறிய மாற்றம் என்றால் பொருள் என்ன? எந்த ஒரு கோட்டிலும் பாதி அணு உதிரவில்லை. ஒரு தெருவில் வீட்டுக்குச் சராசரியாக ஒன்றே முக்கால் குழந்தை என்று சொல்வதைப் போன்ற எண் இது. ஒளி விழும் வட்டத்துக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான கோடுகளின் சராசரி அது. உற்பத்தி வரிசை மெல்ல விலகிச் செல்வதைப் பிடிக்க அந்தச் சராசரி மிக நல்ல காவலாளி. ஆயிரத்தில் ஒரே ஒரு கோடு அறுந்திருந்தால் சராசரிக்கு அது தெரியாது. அதற்கு வேறு கருவி.

செய்திகளில் வரும் ‘3 நானோமீட்டர் சிப்’ என்ற பெயரையும் இந்த அளவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தயாரிப்புத் தொழில்நுட்பத்தின் தலைமுறைக்கு இட்ட பெயர். அந்தச் சிப்பில் மிக நெருக்கமான உலோகக் கம்பிகளின் இடைவெளிகூட இருபது நானோமீட்டருக்கு மேல்தான்.

## மற்றவர்கள் எங்கே?

எலெக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறதே, அதைக் கொண்டு நேரடியாகப் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். பார்க்கிறார்கள். எலெக்ட்ரானின் அலைநீளம் மிகச் சிறியது என்பதால் அபே வரம்பு அங்கே தொல்லை தராது. ஆனால் வெற்றிடம் வேண்டும், நேரமாகும், மேலிருந்து பார்க்கும்போது பக்கச் சுவரும் அடிக்காலும் சரியாகத் தெரியாது. ஒளியுணர் பூச்சில் வரைந்த கோடுகளோ எலெக்ட்ரான் கற்றை பட்டதும் சுருங்கியே விடுகின்றன. அளக்கப்போனதாலேயே அளவு மாறிவிடும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும், ஆனால் வேஃபர் போய்விடும். 1986 இல் வந்த அணுவிசை நுண்ணோக்கி ஊசி முனையால் தடவிப் பார்க்கிறது. குறுகலான பள்ளத்துக்குள் ஊசி நுழைய வேண்டுமே.

ஆகவே நடைமுறையில் எல்லாம் கூட்டுக் குடும்பம். வெட்டிப் பார்த்த சில வேஃபர்களைக் கொண்டு சிதறல் கருவியின் மாதிரியைத் திருத்துகிறார்கள். திருத்திய மாதிரியைக் கொண்டு ஆயிரக்கணக்கான வேஃபர்களைத் தொடாமல், வெட்டாமல் அளக்கிறார்கள். நல்ல பானையின் ஒலி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள முதலில் சில பானைகளை உடைத்துப் பார்க்கும் செலவு இது.

## ஒரே பெயரில் நான்கு கருவிகள்

சிதறலைக் கொண்டு அளக்கும் கருவி என்ற பெயரில் குறைந்தது நான்கு வேறு கருவிகள் உலவுகின்றன. குழப்பத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

1. மேலே சொன்ன, சிப்பின் கோடுகளை அளக்கும் கருவி.
2. சிமென்ட், பால் பவுடர் போன்றவற்றின் துகள் அளவைக் காணும் லேசர் விலகல் கருவி. சிறிய துகள் ஒளியை அகலமாகவும் பெரிய துகள் குறுகலாகவும் விரிக்கும் என்பதே அடிப்படை. கணக்கு 1908 இல் குஸ்டாவ் மீ என்னும் இயற்பியலாளர் கொடுத்தது. துகளை உருண்டை என்றே இது எடுத்துக்கொள்ளும். ஊசி போன்ற துகளானாலும் ஏதோ ஒரு உருண்டையின் விட்டத்தைத்தான் சொல்லும்.
3. திரவத்தில் மிதக்கும் நானோ துகள்களுக்கான இயங்கு ஒளிச் சிதறல் கருவி. மருந்து ஆய்வகங்களில் இது பழக்கமானது. துகள்கள் நடுங்குவதால் சிதறும் லேசர் ஒளி மினுக்குகிறது. மினுக்கல் வேகமானால் துகள் சிறியது. இது அளப்பது உண்மையில் நகர்வை. அளவு அதிலிருந்து கணக்கிடப்படுகிறது.
4. இஸ்ரோ செய்திகளில் வரும் ஸ்காட்டரோமீட்டர். இது லேசரே அல்ல, ரேடார். 2016 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஸ்காட்சாட்-1 இந்த வகை. கடல் பரப்பின் சிற்றலைகள் ரேடார் அலையைச் சிதறடிக்கும் விதத்திலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் அது கணித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயலைக் கண்காணித்த செயற்கைக்கோள்களில் அதுவும் ஒன்று.

நான்காவது கருவிக்கும் முதலாவதுக்கும் உறவு பெயரோடு நின்றுவிடவில்லை. கடலிலிருந்து வரும் ஒரே சிதறலுக்குப் பல காற்றுத் திசைகள் பொருந்திவிடும். வானிலைக் கணிப்பிலிருந்து கிடைக்கும் தகவலைச் சேர்த்துத்தான் அவற்றில் ஒன்றைத் தேர்வு செய்கிறார்கள். ஒரே ஒலிக்கு இரண்டு பானை என்னும் அதே தகராறு, வங்கக் கடல் அளவில்.

## சென்னைக்கு இதில் என்ன?

இந்தியாவில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், தைவானின் பிஎஸ்எம்சியோடு சேர்ந்து கட்டும் சிப் தொழிற்கூடம் குஜராத்தின் தோலேராவில் இருக்கிறது. அங்கே திட்டமிட்டிருப்பது 28 நானோமீட்டரும் அதற்கு மேற்பட்ட தலைமுறைகளும். சிதறல் அளவியல் நன்கு பழகிய தளம் அது. வேஃபர் ஓடும் ஊர் சென்னை இல்லை என்பதால் இந்தத் துறை நமக்கு அந்நியம் என்று நினைப்பது அவசரம். மேலே பார்த்த ஐந்து படிகளில் முதல் இரண்டுக்குத்தான் வேஃபரும் விளக்கும் வேண்டும். மற்ற மூன்றும் மின்காந்தவியலும் எண்முறைக் கணிதமும் மென்பொருளும். கருவி எங்கே நின்றாலும் அதன் கணக்கு எழுதப்படும் மேசை எங்கும் இருக்கலாம். இயற்பியலும் கணிதமும் படித்த பட்டதாரியிடம் இந்த வேலையைப் பற்றி எந்தக் கல்லூரியும் விரிவாகச் சொல்வதாகத் தெரியவில்லை; வேலைவாய்ப்பு என்றால் வெறும் நிரல் எழுதுவது என்றே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கின் கடினமும் கூடிக்கொண்டே போகிறது. புதிய தலைமுறை டிரான்சிஸ்டரில் சிலிக்கான் நேராக நிற்கும் கோடாக இல்லை. மெல்லிய தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக மிதக்க, அவற்றைச் சுற்றிலும் வேறு பொருள் சூழ்ந்திருக்கிறது. தகடுகளுக்கு நடுவே பக்கவாட்டில் அரித்த குழி எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டும். மேலிருந்து பார்க்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அது மறைவு. ஒளி உள்ளே புகுந்து வரும், ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட காரணிகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் வரைகோட்டைத்தான் கொண்டுவரும்.

இதற்கு மாற்றாகப் பேசப்படுவது எக்ஸ் கதிர். 0.07 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், 40 நானோமீட்டர் இடைவெளிக் கோடுகள் மறுபடியும் பக்கவாட்டுக் கதிர்களைத் தருகின்றன. அலைநீளம் கோடுகளைவிடச் சிறியதாகிவிட்டதல்லவா! சிடியில் பார்த்த அதே கணக்கு, 24 பாகைக்குப் பதிலாக 0.1 பாகை. இரண்டு மீட்டர் தள்ளி வைத்த உணரியில் மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் வரிசையாக விழும். அவற்றின் வெளிச்சத்தில் சுவரின் சாய்வும் உச்சியின் உருட்டலும் தெளிவாகப் பதிந்திருக்கும். ஆனால் அந்தப் புள்ளிகள் மிக மங்கலானவை. நொடிகளில் அளந்து முடிக்கும் அளவுக்கு வலுவான எக்ஸ் கதிர் வேண்டுமென்றால், எலெக்ட்ரான்களை வளையத்தில் விரைந்து சுற்றவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கும் சின்க்ரோட்ரான் முடுக்கி வேண்டும். ஒரு விளையாட்டு மைதானத்தின் பரப்பை அடைக்கும் அந்த இயந்திரத்தை உற்பத்தி வரிசைக்குள் யாராலும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை.